அப்பா வீட்டுக் கேபிளை வெட்டுவதற்கு முன்

சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், டல்லாஸ் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் பெற்றோரின் டிவிக்குப் பணம் கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

கும்பகோணத்தில் உங்கள் அப்பா அம்மா குடியிருக்கும் அதே தெருவில்தான் நானும் இருக்கிறேன். உங்களில் சிலருக்கு நான் அக்கா, பலருக்கு அத்தை. ஊருக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், "அப்பா அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். பார்த்துக்கொள்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில வருஷமாக நம் தெருவில் ஒன்று நடக்கிறது. லீவுக்கு வரும் பிள்ளைகள் முதல் காரியமாக டிவியை மாற்றுகிறார்கள். பழையது போய் ஸ்மார்ட் டிவி வருகிறது. வைஃபை வருகிறது. இரண்டு மூன்று ஆப் ஏறுகிறது. கடைசியாக, "இனிமே கேபிள் எதுக்குப்பா? தண்டம். நிறுத்திடுங்க" என்று ஒரு தீர்ப்பு. அப்பாவும் தலையாட்டிவிடுகிறார். நீங்கள் ரயிலேறிப் பத்து நாள் ஆகியிருக்காது, கேபிள்காரருக்கு போன் போய்விடும். அவரும் வந்து பெட்டியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். உங்களிடம் யாரும் சொல்வதில்லை, நீங்கள் வருத்தப்படுவீர்களாம். ஆக, மிச்சம் பிடிக்கப் போன வீட்டில் இப்போது இரண்டு பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிள் லாபமா ஓடிடி லாபமா என்ற கணக்கை ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துப் போட வேண்டும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் தமிழ் வீட்டில் இன்றைக்கும் கேபிள்தான் மலிவு. பெங்களூரில் தனியாக இருக்கும் உங்கள் அறையில் அதே கேபிள் சுத்த வீண். இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டு: எந்த ஆப்பையும் கேட்பாரில்லாமல் வருஷக்கணக்கில் ஓடவிடக் கூடாது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கேபிள் பில். நம் மாநிலத்தில் கேபிள் ஏழை வீட்டுக்கும் எட்டுகிற பொருளாகப் பழகியதற்குக் காரணம் இருக்கிறது. 2006-இல் கலைஞர் ஆட்சியில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, அதுவரை டிவி இல்லாத வீடுகளுக்கும் பெட்டி போனது. 2007-இல் அரசு கேபிள் டிவி கழகம் உருவானது. 2011-இல் ஜெயலலிதா ஆட்சியில் அது மறுபடி உயிர்பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. உங்கள் அம்மாக்களுக்கு இன்றும் மனதில் நிற்கும் விலை அந்த எழுபதுதான். அதனால்தான் இருநூற்றைம்பது ரூபாய் பில்லைப் பார்த்தாலே, "கொள்ளையடிக்கிறான்" என்று முணுமுணுக்கிறார்கள். நீங்களும் அதைக் கேட்டுவிட்டுக் கேபிள் என்றாலே கொள்ளை என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள்.

பில்லைப் பிரித்துப் பாருங்கள். 2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி பில்லில் இரண்டு பகுதி. ஒன்று இணைப்புக் கட்டணம். 100 சானல் வரைக்கும் 130 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அன்று வரம்பு வைத்தார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அடுத்த ஆண்டே, அதே 130 ரூபாய்க்கு 200 சானல் தர வேண்டும் என்றும், ஒரே வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால் அதற்கு இந்தக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்றும் திருத்தினார்கள். 2024 ஜூலையில் இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது அதை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம். அதனால் உங்கள் வீட்டு பில்லில் இந்த எண் வேறாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பகுதி, கட்டணச் சானல்களின் விலை. ஒரு சானலை பேக்கேஜில் சேர்க்க வேண்டுமென்றால் அதன் தனிவிலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. இடையில் அதை 12 ஆகக் குறைக்க டிராய் ஆணையிட்டது. ஒளிபரப்பு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. இழுபறிக்குப் பிறகு 2022 நவம்பரில் மறுபடி 19-க்கே வந்து நின்றது.

நம் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் எந்த வாசலைக் கடந்தாலும் காதில் விழுவது சன், விஜய், ஜீ தமிழ் மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் உச்சவிலை என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பத்தொன்பது ஐம்பத்தேழு; ஜிஎஸ்டி சேர்த்து 67 ரூபாய் சொச்சம். பழைய வரம்பின்படி இணைப்புக் கட்டணத்தையும் கூட்டினால் மாதம் ஏறக்குறைய 221 ரூபாய். வருஷத்துக்கு 2,650. செய்திச் சானல்களில் பல இலவசப் பட்டியலில்தான் இருக்கின்றன. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழாக மாறிய தூர்தர்ஷனும் கட்டாயம் வரும். இதற்கு மேல் பில் ஏறியிருந்தால், யாரும் பார்க்காத சானல்கள் பேக்கேஜில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன என்று அர்த்தம்.

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. நீங்கள் வழக்கமாக வாங்கிக் கொடுப்பது நெட்ஃபிளிக்ஸும் பிரைமும். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது குறைந்தபட்சத் திட்டமே 500 ரூபாய். 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது, டிவியில் பார்க்கக்கூடிய அடிப்படைத் திட்டம் 199-க்கு வந்தது. அதற்கும் கீழே 149 ரூபாய்க்கு ஒன்று உண்டு. அது போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும். மலிவாக இருக்கிறதே என்று அதை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "டிவியில வரலியேடா" என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்கள் உங்களில் உண்டு. அதே 2021 டிசம்பரில் பிரைமின் வருஷச் சந்தா 999-லிருந்து 1,499 ஆனது. இரண்டையும் சேர்த்தால் வருஷத்துக்கு 3,887 ரூபாய்.

இதற்கு அடியில் ஒரு செலவு இருக்கிறது. ஆப் தானாக ஓடாது, இன்டர்நெட் வேண்டும். போன் ரீசார்ஜில் வரும் தினசரி ஒன்றரை ஜிபியை நம்பி டிவியில் படம் பார்க்க முடியாது. எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தாலே மூன்று ஜிபி வரை இழுக்கும். ஜியோஃபைபரின் 399 ரூபாய்த் திட்டம் போன்ற ஒன்றை எடுத்தாலும் ஜிஎஸ்டியோடு மாதம் 471, வருஷத்துக்கு 5,650 ஆகிறது. ஆக, கேபிளுக்கு 2,650 என்றால் இந்தப் பக்கம் 9,500-க்கு மேல்.

உடனே சண்டைக்கு வராதீர்கள். வைஃபை டிவிக்காக மட்டும் போட்டதில்லை. பேத்தியை வீடியோ காலில் பார்ப்பதும், ஈபி பில் கட்டுவதும், அப்பா யூடியூபில் கச்சேரி கேட்பதும் அதில்தான். எந்த வீட்டில் வைஃபை எப்படியும் இருக்கப் போகிறதோ, அங்கே அந்தச் செலவை டிவி கணக்கில் எழுத வேண்டியதில்லை. ஆனால் டிவிக்காகவே வைஃபை போட்ட வீடுகள் நம் தெருவில் இருக்கின்றன. அங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

பணத்தை விடவும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மா பார்க்கும் சீரியல் நீங்கள் வாங்கிக் கொடுத்த ஆப்பில் இல்லை. சன் டிவியின் தொடர்கள் சன் நெக்ஸ்டில் இருக்கின்றன. விஜய் டிவியுடையவை ஜியோஹாட்ஸ்டாரில். ஜீ தமிழுடையவை ஜீ5-இல். ஒரு ரிமோட்டில் மூன்று எண்ணை அழுத்தி அவர் பார்த்துக்கொண்டிருந்ததை அப்படியே மாற்றித் தர வேண்டுமென்றால் மூன்று சந்தா கட்ட வேண்டும், மூன்று கணக்கைத் திறந்து வைக்க வேண்டும். ஐம்பத்தேழு ரூபாய்ப் பொருளுக்கு மூன்று கதவு, மூன்று சாவி. நெட்ஃபிளிக்ஸும் பிரைமும் எத்தனை நல்ல படம் வைத்திருந்தாலும், எட்டு மணிக்கு அவர் தேடுவது அங்கே கிடைக்காது.

எதிர்வீட்டு மாமா கேபிள் ரிமோட்டில் ஆன் பட்டனுக்கு மேல் மாமியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். சத்தம் கூட்டும் பட்டனுக்கும் ஒரு பொட்டு. ரிமோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இரண்டு ரப்பர் பேண்ட். சானல் எண்கள் எல்லாம் மனப்பாடம். இதுதான் அவருடைய டிவி. இதோடு கூட, மைக் படம் போட்ட இன்னொரு சின்ன ரிமோட்டை மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் கை தவறி சோர்ஸ் பட்டன் பட்டுவிட்டால் திரை நீலமாகிவிடும். "ஏம்மா, டிவி நீலமா நிக்குதும்மா, வந்து என்னான்னு பாரேன்" என்று என்னைக் கூப்பிடுவார். அது நொடி வேலைதான். ஒரு நாள் ஆப் தானாகவே லாக்-அவுட் ஆகிவிட்டது. திரையில் வரும் எழுத்துப் பலகையில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, பாஸ்வேர்டைப் போட்டு முடித்தோம். பிறகு ஓடிபி கேட்டது. அது டல்லாஸில் இருக்கும் மகனின் போனுக்குப் போகிறது. இங்கே பிற்பகல் மூன்று மணி. அங்கே விடியக்கூட இல்லை. "தூங்குற புள்ளைய எழுப்ப வேணாம், விடும்மா" என்றார் மாமி. மாமா பழைய ரிமோட்டை எடுத்துப் பொட்டு வைத்த பட்டனை அழுத்தினார். பழைய சிவாஜி படம் ஒன்று பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்தே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்கள் கணக்கையே அவர்களுக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் பழைய மாதிரி நடக்காது. 2023 ஜூலையிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று கறாராகிவிட்டது. நீங்கள் பெங்களூரில், அவர்கள் கும்பகோணத்தில் என்றால் நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் அது இரண்டு வீடு.

கேபிளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மழை பலமாக அடித்தால் சில தெருக்களில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பணம் வாங்கினால் ரசீது கொடுக்கும் பழக்கம் எல்லாக் கேபிள்காரருக்கும் இல்லை. எச்டி என்றால் தனி விலை. விளம்பரமோ கேட்கவே வேண்டாம். மணிக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் விதிகளில் இருக்கிறது. சீரியல் பார்ப்பவர் யாரும் அதை நம்ப மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய சானலிலும் விளம்பரம் பார்க்க வேண்டியிருப்பது நியாயமா என்று நீங்கள் கேட்பது சரிதான்.

ஆனால் அந்த வாதம் உங்கள் பக்கமும் நைந்துகொண்டு வருகிறது. 2025 ஜூனிலிருந்து பிரைம் வீடியோ இந்தியாவில் படங்களுக்கு நடுவே விளம்பரம் போடுகிறது. வேண்டாம் என்றால் சந்தாவுக்கு மேல் வருஷத்துக்கு 699 ரூபாய் கட்ட வேண்டும். ஐபிஎல் நிலவரமும் தெரியும். 2023-லும் 2024-லும் ஜியோசினிமாவில் இலவசமாகப் பார்த்தோம். 2024 நவம்பரில் இரண்டு பெரிய நிறுவனங்களின் டிவி வியாபாரம் ஒன்றானது. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. அந்த வருஷ ஐபிஎல்லை முழுசாகப் பார்க்கச் சந்தா தேவைப்பட்டது. முதலில் இலவசம், பிறகு மலிவு, பழகிய பிறகு விலை என்பது எல்லா வியாபாரத்திலும் உள்ளதுதான். இன்றைய ஆப் விலையை வைத்து ஐந்து வருஷத்துக் கணக்குப் போட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கிரிக்கெட் பற்றி இன்னொன்று. ஆப்பில் வரும் நேரலை கேபிளை விடச் சில நொடிகள் பின்னால்தான் வரும். மாடிவீட்டில் ஆப், கீழ்வீட்டில் கேபிள். கீழே "அவுட்டு" என்று கத்தும்போது மாடியில் பவுலர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறார். மாடிவீட்டுப் பையன் சன்னலைச் சாத்திவிட்டு மேட்ச் பார்க்கிறான்.

ஓடிடிக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வீட்டு ரிட்டையர்டு வாத்தியாருக்குக் காது மந்தம். கேபிளில் சத்தத்தை வைக்கிற வைப்பில் தெருவே வசனம் கேட்கும். மகள் ஆப்பில் சப்டைட்டில் போடக் கற்றுக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் ஓர் அமைதி வந்திருக்கிறது. மலையாளப் படங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறார். ஆங்கில எழுத்தை வாசித்துக்கொண்டே கதையைப் பிடித்துவிடுகிறார். நடுவில் நிறுத்திவிட்டு மாத்திரை போடப் போகிறார், வந்து தொடர்கிறார். அவருக்கு அந்தச் சந்தா ஒவ்வொரு காசுக்கும் தகும். கேபிளில் எத்தனை சானல் இருந்தாலும் இது கிடைக்காது.

தமிழுக்கும் ஓடிடி நல்லது செய்திருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டரைத் தொடாமல் நேராக பிரைமுக்கு வந்தபோது தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். அதே வருஷம் நவம்பரில் 'சூரரைப் போற்று', அடுத்த வருஷம் 'ஜெய் பீம்' என்று வந்தபோது வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெரியவர்களும் புதுப்படம் பார்த்தார்கள். 'விலங்கு', 'சுழல்' போல சில மணி நேரத்தில் ஒரு கதையைச் சொல்லி முடிக்கிற தொடர்கள், வருஷக்கணக்கில் இழுக்கும் சீரியலுக்குப் பழகிய வீடுகளிலும் ஆள் பிடித்தன. இப்போதும் தியேட்டரில் வந்த பல தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஆப்புக்கு வந்துவிடுகின்றன. டிவிக்கு வரத் தீபாவளியோ பொங்கலோ ஆக வேண்டும். நாலு பேர் தியேட்டருக்குப் போய்வரும் செலவைப் பார்த்தால் ஒரு மாதச் சந்தா ஒன்றுமே இல்லை.

ஆக, நீங்கள் ஆப்பை ஒப்பிட வேண்டியது கேபிளோடு இல்லை, சினிமா டிக்கெட்டோடு. கேபிள் அன்றாடத்துக்கானது. போட்டால் ஓடும், எதைப் பார்ப்பது என்று யோசிக்க வேண்டாம், சமையல்கட்டிலிருந்தே காதால் பார்க்கலாம். ஆப் தேர்ந்தெடுத்து உட்கார்ந்து பார்ப்பதற்கானது. உங்கள் அம்மாவுக்கு வாரத்தில் ஆறு நாள் முன்னது வேண்டும். ஒரு நாள், அதுவும் பேரப்பிள்ளைகள் வந்திருந்தால், பின்னது வேண்டும். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளை வெட்டிவிட்டு, மிச்சம் பிடித்தோம் என்கிறீர்கள்.

ஆப்பில் பணம் எங்கே கசிகிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுக் கணக்கை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாதாமாதம் பாஸ் எடுத்துவிட்டு வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறுகிறவர் கதைதான் அது. ஒரு படத்துக்காகச் சேர்ந்த ஆப் ஆட்டோ டெபிட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி ஒன்று இருக்கிறது: தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று நிறுத்த வழியும் தர வேண்டும். தகவல் வரத்தான் செய்கிறது. அப்பாவின் போனில் லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று வரும் ஐம்பது மெசேஜுக்கு நடுவில் அதை யார் பார்ப்பது? எளிதாகச் சேர்த்துக்கொண்டு விலகும்போது சுற்றலில் விடுகிற தந்திரத்தை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுக்கப்பட வேண்டிய 13 ஏமாற்று முறைகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கிறது. சட்டம் இருக்கிறது, கவனம் நம்முடையதாக இருக்க வேண்டும்.

அதனால், அடுத்த முறை வரும்போது சில காரியம் செய்யுங்கள்.

டிவி ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஆறிலிருந்து பத்து வரை, போனைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு உட்காருங்கள். எந்தச் சானல், எத்தனை மணிக்கு, யார் கேட்டு ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் வராத எதற்கும் அந்த வீட்டில் மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லை.

அந்தத் தாளோடு கேபிள்காரரைப் பாருங்கள். பேக்கேஜ் வேண்டாம், இந்தச் சானல்கள் மட்டும் போதும் என்று தனித்தனியாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதத்துக்கு மட்டும் ஸ்போர்ட்ஸ் சானலைச் சேர்த்துப் பிறகு எடுத்துவிடலாம். பேக்கேஜ் மொத்தத்தில் மலிவாக வருகிறதா, தனித்தனியாக மலிவா என்று அவர் எதிரிலேயே கூட்டிப் பாருங்கள். இரண்டாவது டிவியை யாரும் போடுவதில்லை என்றால் அந்த இணைப்பை நிறுத்துங்கள். ரசீது கேளுங்கள். அந்த ஆளோடு பகை வேண்டாம். உங்கள் வைஃபை கம்பியும் பல தெருக்களில் அவர் கையால்தான் வருகிறது, ராத்திரி எட்டு மணிக்குப் படம் போனால் ஸ்கூட்டரில் வந்து நிற்பதும் அவர்தான். எந்த ஆப்புக்கும் அப்படி ஓர் ஆள் கிடையாது.

ஆப்பை ஒரு நேரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். மாதச் சந்தாவாக எடுங்கள். வருஷச் சந்தா மலிவு என்பது பன்னிரண்டு மாதமும் பார்ப்பவருக்குத்தான். சேர்ந்த அன்றைக்கே ஆட்டோபேயை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முழுதும் எப்படியும் ஓடும். பொங்கலுக்கு ஒன்று, கோடை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. மூன்று நான்கு மாதச் சந்தாவில் வருஷம் போய்விடும். அதையும் வாங்கும் முன்னால், உங்கள் போன் ரீசார்ஜிலோ வைஃபை திட்டத்திலோ அந்த ஆப் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஆப்புக்கு மகனும் ரீசார்ஜும் தனித்தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்த வீடு நம் தெருவிலேயே இருக்கிறது. கணக்கை அப்பாவின் போன் எண்ணிலேயே திறங்கள். ஓடிபி அவர் கைக்கு வரட்டும்.

எதுவுமே வேண்டாம், செய்தி மட்டும் போதும் என்கிற வீடு என்றால், வைஃபை இருந்தால் போதும். தமிழ்ச் செய்திச் சானல்கள் யூடியூபில் நேரலையாக இலவசமாகவே ஓடுகின்றன. அங்கே கேபிளைத் தாராளமாக வெட்டலாம். மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் என்றும் ஒன்று உண்டு. டிஷ்ஷுக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும். ஆனால் தமிழ்த் தனியார் சானல்களை நம்பி அதை வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

உங்கள் சொந்த அறைக்கு நான் சொல்வது நேர்மாறு. ஆபீஸ் வேலைக்காக வைஃபை எப்படியும் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் டிவி முன்னால் உட்காருகிறீர்கள். அங்கே கேபிள் வைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் உங்கள் அறைக்குச் சரியாக வந்த கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அப்பா வீட்டில் மாட்டாதீர்கள்.

செலவைப் பெரிதாகப் பார்க்கிறேனோ என்று நினைக்கலாம். மாதம் நானூறு ஐந்நூறு உங்கள் சம்பளத்தில் எம்மாத்திரம்? உண்மைதான். ஆனால் உங்கள் அப்பா அம்மா அதைப் பென்ஷன் கண்ணால் பார்க்கிறார்கள். பிள்ளை காசு வீணாகிறதே என்று, பிடிக்காத ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். "எதுக்கு அக்கா அதைப் போட்டு வச்சிருக்கீங்க?" என்றேன். "போன் பண்ணா பாத்தியான்னு கேப்பான்ல" என்றார். அந்தச் சந்தாவுக்கு அவர் இன்னொரு விதத்தில் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

கோபம் வேண்டாம். நீங்கள் ஆசையாகச் செய்கிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. கணக்குப் போடுவதில் சந்தேகம் வந்தால் எனக்கு போன் பண்ணுங்கள், பக்கத்தில் போய் பில்லைப் பார்த்துச் சொல்கிறேன். எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரைக்கும் மட்டும் கூப்பிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் சீரியல் ஓடும்.

அன்புடன்,
உங்கள் தெரு அத்தை
கும்பகோணம்